தளர்ந்த கழுத்துக்கும் தாடைக்கும் சத்திரசிகிச்சை: மலையகத்தவர் தீர்மானிக்கும் முன் அறிய வேண்டியவை

நாடிக்குக் கீழே தொங்கும் சதையைச் சத்திரசிகிச்சையால் சீர்செய்ய விரும்பும் ஒருவர், எந்தச் சிகிச்சை நல்லது என்று விசாரிப்பதற்கு முன்பு, தம் கழுத்தில் தளர்ந்திருப்பது எது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். தோல், அதன் அடியிலுள்ள கொழுப்பு, கழுத்தின் முன்புறத்தை மெல்லிய விரிப்பைப் போல மூடியிருக்கும் பிளாட்டிஸ்மா என்னும் தசை, அத்தசைக்கும் உள்ளே இருக்கும் ஆழ்கொழுப்பு, உமிழ்நீர்ச் சுரப்பிகள், தாடையெலும்பின் அமைப்பு ஆகியவற்றில் ஒன்றோ பலவோ காரணமாக இருக்கலாம். ஒன்றுக்குரிய சிகிச்சை மற்றொன்றுக்குப் பயன்படாது.

கண்ணாடி முன் நேராக அமர்ந்து, நாடிக்குக் கீழுள்ள சதையை இரு விரல்களால் கிள்ளிப் பிடித்தபடி, 'ஈ' என்று பல் தெரியக் கழுத்தை இறுக்குங்கள். பிடியின் தடிப்பு குறையாவிட்டால் கொழுப்பின் பெரும்பகுதி தசைக்கு மேலே இருக்கிறது. நன்றாகக் குறைந்தால் தசைக்கு அடியில் இருக்கிறது. அதே வேளையில் நாடியிலிருந்து கீழ்நோக்கிக் கயிறுபோல இரு வரிகள் எழுந்தால் அவை பிளாட்டிஸ்மாவின் விளிம்புகள். கிள்ளிவிட்ட தோல் மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்பினால் தோலின் மீள்தன்மை குறைந்துவிட்டது என்று கொள்ளலாம். இது வைத்தியரின் பரிசோதனைக்கு மாற்றாகாது. ஆயினும், அவர் சொல்வதை விளங்கிக்கொள்ளப் பெரிதும் உதவும்.

இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். விழுங்கும்போது மேலும் கீழும் அசையும் வீக்கம் தைரொயிட் சுரப்பியைச் சார்ந்ததாக இருக்கலாம். ஒரு பக்கத்தில் மட்டும் தோன்றி வளர்ந்துவரும் கட்டியை முதுமைத் தளர்ச்சி என்று எண்ணிவிடக் கூடாது. வெற்றிலையோடு புகையிலை சேர்த்து மெல்லும் பழக்கமுள்ளவர்கள் அதை உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

தோல் இறுக்கமாக இருந்து கொழுப்பு மட்டுமே மிகுந்திருப்பவருக்குக் கொழுப்பு உறிஞ்சல் போதுமானது. நாடிக்குக் கீழும் காது மடல்களுக்குப் பின்னும் சிறு துளைகள் இட்டு, பெரும்பாலும் குறித்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து இதை முடித்துவிடலாம். தோல் தளர்ந்தவருக்கு இதை மட்டும் செய்தால், தாங்கியிருந்த கொழுப்பும் போய்த் தோல் முன்னிலும் அதிகமாகத் தொங்கும். மறைந்திருந்த தசை வரிகளும் வெளிப்படும்.

வரிகள் தெளிவாகத் தெரிபவருக்கு, நாடிக்குக் கீழே ஒரு சிறு வெட்டின் வழியாகத் தசையின் இரு விளிம்புகளையும் நடுக்கோட்டில் சேர்த்துத் தைக்கும் பிளாட்டிஸ்மாபிளாஸ்டி பொருந்தும். ஆழ்கொழுப்பையும் அதே வழியாகக் குறைக்கலாம். தாடை விளிம்பில் கன்னச்சதை இறங்கியிருப்பவர் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும்: அச்சதை முகத்திலிருந்து வழிந்து வந்தது, ஆகவே கழுத்தை மட்டும் தைத்தால் தாடைக்கோடு தெளிவடையாது. அதற்குக் காதைச் சுற்றியும் அதன் பின்னுள்ள மயிர்க்கோட்டிலும் வெட்டு இட்டுச் செய்யப்படும் கீழ்முக உயர்த்தல் வேண்டும். 1976ஆம் ஆண்டில் மிட்ஸ், பெய்ரோனி ஆகிய பிரெஞ்சு வைத்தியர்கள் விவரித்த, தோலுக்கு அடியிலுள்ள எஸ்மாஸ் என்னும் படலத்தை இழுத்து நிலைநிறுத்துவதே இதன் அடிப்படை. இழுவையைத் தோல் மட்டும் தாங்கினால் பலன் நீடிக்காது, தழும்பு அகலும், காது மடலும் கீழே இழுபடும். எனவே "உள்படலத்தை எவ்வாறு தைப்பீர்கள்?" என்று நிபுணரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

நாடி பின்வாங்கியிருப்பவருக்கு எலும்பை முன்னகர்த்துவதோ செயற்கைப் பொருள் வைப்பதோ கழுத்தின் கோணத்தையே மாற்றக்கூடும். நீண்ட சத்திரசிகிச்சையை விரும்பாத முதிய ஆண்களுக்கு, முன்கழுத்துத் தோலை நேரடியாக வெட்டி நீக்கும் முறையும் உண்டு; அதன் தழும்பு வெளியில் தெரியும். காது குத்திய இடத்தில் தழும்பு தடித்து வளர்ந்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், எந்த முறையானாலும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

செய்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்ற பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரா என்பதையும், இடம் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானதா என்பதையும் உறுதிப்படுத்துங்கள். சத்திரசிகிச்சைக் கூடம், மயக்க மருந்து நிபுணர், அழுத்தப்பட்டி, சிகிச்சைக்குப் பிந்தைய கிளினிக் பரிசோதனைகள் ஆகிய யாவும் அடங்கிய செலவை எழுத்தில் பெறுங்கள். புகைத்தலையும் புகையிலை மெல்லுதலையும் குறைந்தது 4 வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும், ஏனெனில் நிக்கொட்டின் சிறு இரத்தக்குழாய்களைச் சுருக்கி, உயர்த்தப்பட்ட தோலைக் கருகச் செய்யும். நீண்டகால வெற்றிலைப் பழக்கத்தால் வாய் முழுதாகத் திறக்காதவர்கள் அதை மயக்க மருந்து நிபுணருக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவது அவர்களுக்குக் கடினமாகலாம். பிரஷர் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். அஸ்பிரின் போன்ற குளிசைகளை நீங்களாகவே நிறுத்தாமல், உங்கள் இதய வைத்தியரையும் கேட்டே முடிவெடுங்கள்.

கீழ்முக உயர்த்தலுக்குப் பின் மிகுதியாகக் காணப்படும் சிக்கல் தோலுக்கு அடியில் இரத்தம் தேங்குவதாகும். அது பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் நேரும். ஒரு பக்கம் திடீரெனப் புடைத்து வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ மணித்தியாலக் கணக்கில் காத்திருக்க இயலாது. ஆகவே கண்டியிலோ கொழும்பிலோ சிகிச்சை பெற்றவர் அன்றோ மறுநாளோ ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் மலையேறக் கூடாது. வளைவுப் பாதையில் வரும் வாந்தி தலையில் இரத்த அழுத்தத்தை உயர்த்தும். மழைக்காலத்தில் மண்சரிவு பாதையையே மூடிவிடும். முதல் மீள்பரிசோதனை முடியும்வரை வைத்தியசாலைக்கு அருகில் தங்குவதற்கு உறவினர் வீடொன்றை முன்பே ஒழுங்குசெய்யுங்கள்.

தையல்கள் ஏறக்குறைய 5 முதல் 10 நாட்களில் அகற்றப்படும். வீக்கமும் கண்டலும் பெருமளவு தணிய 2, 3 வாரங்கள் ஆகும். குளிருக்குக் கழுத்தைச் சுற்றும் மஃப்ளர் அந்நாட்களில் வசதியானது, ஆனால் இறுக்கிக் கட்டக் கூடாது. காதைச் சுற்றிய மரத்த உணர்வு மாதக்கணக்கில் நீடிக்கலாம், ஆகவே அந்த இடத்தில் சுடுதண்ணீர்ப் போத்தல் வைக்காதீர்கள், அடுப்பருகே குளிர் காயாதீர்கள்; சூடு தெரியாமலேயே தோல் வெந்துவிடும். கீழுதடு ஒரு பக்கம் இறங்காதிருப்பின் அது நரம்பு பாதிப்பு, பெரும்பாலும் தானாகவே சீரடையும், எனினும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். கொழுந்துக்கூடையின் கயிறு தலையில் பதிந்து தோலை இழுப்பதால், தோட்ட வேலை செய்வோர் வைத்தியர் அனுமதிக்கும் வரை, பொதுவாக 6 வாரங்களேனும், கூடை சுமக்கக் கூடாது. உயரமான இடங்களில் புறஊதாக் கதிர் கடுமையாக இருப்பதால், குளிர்ந்த நாளிலும் தழும்பை வெயிலிலிருந்து மறையுங்கள். சத்திரசிகிச்சைக்கு முன் எடுத்த பக்கவாட்டுப் படத்தோடு கழுத்தை ஒப்பிடுவதற்கு 6 மாதங்களாவது பொறுத்திருங்கள்.