குடல் எரிச்சல் உள்ளவர்கள் இசப்கோலை எடுத்துக்கொள்ளும் முறை

மறுவீட்டுச் சொதி விருந்துக்கு அடுத்த நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மருந்துக் கடைக்கு வருகிறவர்களை எங்கள் பாளையங்கோட்டையில் அடிக்கடி பார்க்கிறேன். தேங்காய்ப்பாலின் கொழுப்பும் உள்ளியும் பூண்டும் சேரும்போது, ஐபிஎஸ் எனப்படும் குடல் எரிச்சல் நோய் உள்ள பலருக்குத் தொல்லை கூடிவிடுகிறது.

அந்நோய்தான் என்று மருத்துவர் உறுதிசெய்திருந்தால், முதலில் வாங்க வேண்டியது இசப்கோல் உமி என்பதே என் கருத்து. இது கரையும் நார்ச்சத்து என்பதால் மலச்சிக்கலின்போது மலத்தை இளக்கவும், பேதியின்போது அதையே கெட்டிப்படுத்தவும் உதவுகிறது. கோதுமைத் தவிடோ பலருக்கு உப்புசத்தையும் வலியையும் கூட்டிவிடும். முதல் வாரம் நாளுக்கு ஒரு தேக்கரண்டி மட்டும் எடுத்து, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரில் கலந்து, கூழாக இறுகுவதற்குள் குடித்துவிட்டு, பின்னர் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி தேவை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதால், தயவுசெய்து மூன்றாம் நாளே கைவிட்டுவிடாதீர்கள்.

லோபரமைடு பேதியைக் குறைக்குமே தவிர வலியைத் தீர்க்காது. அளவு மீறினால் இதயத் துடிப்பையே பாதிக்கும் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்க வேண்டாம். வயிற்று வலிக்கு எடுக்கும் புதினா எண்ணெய் கேப்சூலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு, கடிக்காமல் விழுங்க வேண்டும்.

மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, காய்ச்சல், உறக்கத்தைக் கலைக்கும் பேதி ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் கடை மருந்தில் நாளைக் கடத்தாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.