தோற்ற இரவைக் கடப்பது எப்படி? உதைபந்தாட்டப் பித்துள்ளவர்களுக்கும் வீட்டாருக்கும்

2014 ஜூலை 9ஆந் திகதி, இலங்கை நேரப்படி அதிகாலை ஒன்றரை மணிக்குத் தொடங்கிய உலகக் கிண்ண அரையிறுதியில், 29 நிமிடங்களுக்குள் ஜேர்மனி பிறேசிலுக்கு எதிராக ஐந்து கோல்களைப் போட்டுவிட்டது. 7-1 என்று ஆட்டம் முடிந்தபோது, அடுத்த காம்பராவில் (அறையில்) என் மச்சான் கைதட்டிய சத்தம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தின் இடைச்சுவரைத் தாண்டி வந்தது. அவனுடன் நான் ஆறு மாதம் பேசவில்லை. அம்மா பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் பதியும் இடத்துக்கு) போகுமுன் சுட்டு மூடிவைத்த ரொட்டியும் சம்பலும், மாலையில் அவர் கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டுத் திறந்து பார்த்தபோதும் அப்படியே இருந்தன. "யாராச்சும் செத்துப்போயிட்டாங்களாப்பா?" என்று மெய்யாகவே பயந்துபோய்க் கேட்டார்.

ஆட்டத்தை விட்டுவிடுங்கள் என்று இங்கே சொல்லப்போவதில்லை. தோல்வி நம் சாப்பாட்டையும் தூக்கத்தையும் உறவையும் தொடாமல் காப்பதற்கு நான் பழகிக்கொண்ட வழிகளையே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பேச்சைக் கவனியுங்கள். அமெரிக்க உளவியலாளர் ரொபர்ட் சியால்டினியும் அவருடைய குழுவினரும் 1976இல் வெளியிட்ட ஆய்வில், தம் பல்கலைக்கழக அணி வென்றால் மாணவர்கள் "நாங்கள்" என்று சொல்வதும், தோற்றால் "அவர்கள்" என்று விலகிக்கொள்வதும் தெரியவந்தது. ஆழ்ந்த பற்றுள்ள ரசிகருக்கு அந்த விலகல் எளிதில் வராது. தோல்வியிலும் அவர் வாயில் "நாங்கள்"தான் வரும், ஆகவே அடி முழுவதும் அவர்மேல் விழும். "பிறேசில் தோற்றது" என்று வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். சிறிய காரியந்தான், ஆனால் எனக்கு மூச்சு விட இடம் கிடைத்தது அதில்தான்.

உடம்பையும் மறக்கக்கூடாது. 2006 உலகக் கிண்ணத்தின்போது மியூனிக் பகுதியில் நடந்த ஆய்வொன்றில், ஜேர்மனி ஆடிய நாட்களில் அவசர இதயப் பாதிப்புகள் சாதாரண நாட்களைவிட 2.66 மடங்காக இருந்தன. ஏற்கெனவே இதய நோயுள்ளவர்களுக்கே ஆபத்து அதிகம். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், ஆட்டத்துக்கு முன்னரே அவர் மாத்திரையைப் போட்டுவிட்டாரா என்று பாருங்கள்; பெனால்டி உதைகளை அவர் தனியே இருந்து பார்க்க விடாதீர்கள்.

ஆட்ட நேரத்தை முன்கூட்டியே வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். ஐரோப்பாவின் பெரிய ஆட்டங்கள் பல நமக்கு நள்ளிரவு கடந்துதான் தொடங்கும். விடிந்ததும் கொழுந்து பறிக்க மலையேற வேண்டியவர் அதே காம்பராவில் படுத்திருப்பார். சாயந்தரமே சற்றுத் தூங்கி எழுந்து, சத்தத்தைக் குறைத்து வைத்துப் பாருங்கள். பந்தயத்துக்கு ஒரு ரூபாயும் வைக்காதீர்கள். பணம் கலந்தால் கீழே சொல்லும் எதுவும் பலிக்காது.

ஆட்டம் முடிந்து தோற்றுவிட்டால், கைத்தொலைபேசியைத் தூக்கி வைத்துவிட்டு முகம் கழுவி எதையாவது சாப்பிடுங்கள். வெறும் வயிற்றோடு அந்த நேரத்தில் எழுதும் வசை, விடிந்தபின் அழித்தாலும் அதைப் படித்தவர் மனதில் கிடக்கும். மறுநாள் மாலை மைதானத்துக்குப் போய் நீங்களே பந்தை உதையுங்கள்.

எதிரணி தோற்கும் இரவில் என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கிறேன். 2018 ஜூன் 27ஆந் திகதி ஜேர்மனி தென்கொரியாவிடம் 2-0 எனத் தோற்று முதற்சுற்றிலேயே வெளியேறியபோது, கைதட்ட எனக்கு நான்கு வருடக் கடன் இருந்தது. தட்டவில்லை. தேத்தண்ணிக் கோப்பைகள் இரண்டை எடுத்துக்கொண்டு மச்சானின் இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) போய் உட்கார்ந்தேன். தேத்தண்ணி ஆறிப்போகும்வரை அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. 2022 காலிறுதியில் பிறேசில் குரோஷியாவிடம் பெனால்டியில் தோற்ற இரவு, அவன் என் இஸ்தோப்புக்கு வந்தான்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்: "இது வெறும் விளையாட்டுத்தானே" என்று சொல்லாதீர்கள். துக்கத்தோடு வெட்கமும் சேர்ந்தால் பிள்ளை வாயைத் திறக்கமாட்டான். தட்டை அவன் அருகில் வைத்துவிட்டு, யார் கோல் போட்டார் என்று கேளுங்கள். அவன் சொல்லத் தொடங்குவான்.

இரண்டு வாரம் கடந்தும் தூக்கம் வராவிட்டால், பாடசாலையோ வேலையோ நின்றுபோனால், வீட்டில் யாரையாவது அடிக்கத் தொடங்கினால், வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். உயிரை விடும் பேச்சு வந்தால் ஒரு நாளும் பொறுக்காமல், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைத்து, உதவி வரும்வரை அவர் அருகிலேயே இருங்கள்.