மிடி கன்ட்ரோலரை ரீப்பரில் அமைப்பது: கேபிள் முதல் கமகம் வரை

மிடி கன்ட்ரோலர் என்பது கம்ப்யூட்டரில் இசை வாசிக்க உதவும் கருவி. அதற்குச் சொந்தக் குரல் கிடையாது. எந்தக் கீயை எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள், எந்த நாபை எதுவரை திருப்பினீர்கள் என்பதை எண்களாக அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. ஆகவே சத்தம் வரவில்லை என்றால் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அந்த எண் எங்கே நின்றுபோனது? கேபிளிலா, ரீப்பர் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரிலா, அதற்குள் ஒலியை உண்டாக்கும் பிளகினிலா?

அகாய் எம்பிகே மினி போல 25 கீ, 8 பேட் (விரலால் தட்டும் சதுரம்), 8 நாப் உள்ள சின்ன யூஎஸ்பி கன்ட்ரோலர், விண்டோஸ் கம்ப்யூட்டர், ரீப்பர் சாஃப்ட்வேர் ஆகியவற்றை வைத்து இங்கே சொல்கிறோம். ஏபிள்டன் லைவ், எஃப்எல் ஸ்டுடியோ பயன்படுத்துபவர்களுக்கு மெனுப் பெயர்கள் மாறும், வேலை மாறாது.

கேபிளும் போர்ட்டும்

கன்ட்ரோலரில் விளக்கு எரிந்தால் கேபிள் சரி என்று அர்த்தமில்லை. போன் சார்ஜருடன் வரும் சில கேபிள்களில் மின்சாரத்துக்கான கம்பி மட்டும் இருக்கும், டேட்டா கம்பி இருக்காது. பெட்டியில் வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். தனி மின்சாரம் இல்லாத யூஎஸ்பி ஹப்பைத் தவிர்த்து, லேப்டாப்பில் நேராகச் செருகுங்கள். எப்போதும் ஒரே போர்ட்டில் செருகுவது நல்லது. போர்ட் மாறினால் விண்டோஸ் சில நேரம் அதைப் புதுக் கருவியாகப் பதிந்துகொள்ளும், ரீப்பரில் நீங்கள் செய்து வைத்த அமைப்பு பழைய பெயரிலேயே தங்கிவிடும்.

அடுத்து மிடி-ஆக்ஸ் என்ற இலவச நிரலைத் திறந்து, கன்ட்ரோலரை இன்புட்டாகத் தேர்ந்து ஒரு கீயை அழுத்துங்கள். வரிகள் ஓடினால் கேபிள் வரை எல்லாம் சரி. இதைத் தவிர்த்துவிட்டு நேராக ரீப்பருக்குப் போகிறவர்கள்தான் பிறகு பாதி ராத்திரி வரை செட்டிங்ஸைக் கிண்டுகிறார்கள். பார்த்து முடித்ததும் மிடி-ஆக்ஸை மூடிவிடுங்கள். விண்டோஸின் பழைய மிடி முறையில் பெரும்பாலான கருவிகளை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் பிடித்துக்கொள்ள முடியும். இன்னொரு ரெக்கார்டிங் சாஃப்ட்வேரோ, மிடி அனுமதி கேட்ட ஒரு வலைப்பக்கமோ பின்னால் திறந்திருந்தாலும் ரீப்பருக்குக் கருவி கிடைக்காது. மேக்கில் இந்தத் தொல்லை இல்லை.

ரீப்பரில் இணைப்பது

கன்ட்ரோல்-பி அழுத்தி பிரிஃபரன்ஸஸ் போங்கள். ஆடியோ பிரிவில் மிடி கருவிகளின் பட்டியல் இருக்கும். உங்கள் கருவியின் இன்புட்டை எனேபிள் செய்யுங்கள். கூடவே கன்ட்ரோல் மெசேஜுக்கான தெரிவு தனியாக இருக்கும், அதையும் போட்டுவிடுங்கள். அதை விட்டுவிட்டால் கீக்கள் ஒலிக்கும், ஆனால் நாபை எவ்வளவு திருப்பினாலும், நாபைப் பிளகினோடு இணைக்கும் லேர்ன் ஜன்னல் கண்டுகொள்ளாது.

கன்ட்ரோல்-டி அழுத்தினால் புது டிராக் வரும். டிராக்கைப் பதிவுக்குத் தயாராக்கும் சிவப்பு ஆர்ம் பட்டனை அழுத்தி, இன்புட்டில் மிடி, உங்கள் கருவி, ஆல் சேனல்ஸ் என்று தேர்ந்து, வாசிப்பது உடனே கேட்க மானிட்டரிங்கை ஆன் செய்யுங்கள். எஃப்எக்ஸ் பட்டனில் ரீசிந்த் பிளகினைப் போட்டு ஒரு கீயைத் தொடுங்கள். டிராக் மீட்டர் அசைந்தும் ஒலி வரவில்லை என்றால் மிடியைக் குறை சொல்ல வேண்டாம், ஆடியோ அவுட்புட்டைப் பாருங்கள்.

கீ அழுத்திக் கொஞ்சம் கழித்து ஒலி வந்தால் பஃபர் அளவை, அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் சாம்பிள் எண்ணிக்கையை, குறைக்க வேண்டும். நொடிக்கு 48,000 என்ற சாம்பிள் ரேட்டில் 1024 பஃபர் என்றால் அதனால் மட்டும் 21 மில்லிசெகண்டுக்கு மேல் தாமதம், 256 என்றால் சுமார் 5, 128 என்றால் 3-க்கும் கீழே. வாசித்துப் பதியும்போது 128 அல்லது 256, மிக்ஸ் செய்யும்போது 1024 என்று வைத்துக்கொள்ளலாம். படபடவென்று வெடிப்புச் சத்தம் கேட்டால் ஒரு படி ஏற்றுங்கள். விண்டோஸில் ஒலித் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவரைப் பயன்படுத்துவது நல்லது. ஆடியோ இன்டர்ஃபேஸ் இல்லாதவர்களுக்கு ஏசியோ4ஆல் போதும். புளூடூத் ஹெட்ஃபோனை மட்டும் போட்டுக்கொண்டு வாசிக்காதீர்கள். அதன் தாமதத்தை எந்த பஃபராலும் சரிக்கட்ட முடியாது.

நாபுக்கு எந்த எண்

ஒவ்வொரு நாபும் எதை மாற்ற வேண்டும் என்று காட்டும் ஒரு சிசி (கன்ட்ரோல் சேஞ்ச்) எண்ணை அனுப்புகிறது. கன்ட்ரோலருடன் வரும் எடிட்டர் நிரலில் அதை மாற்றலாம். சில எண்களுக்கு ஏற்கெனவே வேலை உண்டு: 1 மாடுலேஷன், 7 வால்யூம், 10 பேன், 11 எக்ஸ்பிரஷன், 64 சஸ்டெயின். நாபுக்கு 64-ஐக் கொடுத்துவிட்டு, நோட்டுகள் ஓயாமல் இழுப்பதாகப் புலம்புவது அடிக்கடி நடக்கும். 120 முதல் 127 வரை பக்கமே போகாதீர்கள். அவை எல்லா ஒலியையும் நிறுத்துவது போன்ற கட்டளைகள். மிடி வரையறையில் வேலை ஒதுக்காமல் விட்ட 20–31, 102–119 ஆகியவைதான் பாதுகாப்பான இடம். எட்டு நாபுக்கும் 20 முதல் 27 வரை வரிசையாகக் கொடுத்தால் நினைவிலும் நிற்கும்.

பிறகு பிளகின் ஜன்னலில் வேண்டிய அளவை, உதாரணமாக ஃபில்டர் கட்டாஃபை, மவுஸால் ஒருமுறை அசையுங்கள். மேலே உள்ள பேரம் (Param) பட்டனில் லேர்ன் தேர்ந்து நாபைத் திருப்புங்கள். எண் விழுந்ததும் அதே ஜன்னலில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது சாஃப்ட் டேக்ஓவர். நாப் 20-இல் நிற்கிறது, பிளகினில் அளவு 90-இல் இருக்கிறது என்று வையுங்கள். இது ஆஃபில் இருந்தால் நாபைத் தொட்ட நொடியில் 90-லிருந்து 20-க்குத் தாவும், பதிவில் அது அப்பட்டமாகக் கேட்கும். ஆன் செய்தால், நாப் 90-ஐ எட்டும்வரை பிளகின் அசையாமல் காத்திருக்கும்.

இரண்டாவது, முடிவில்லாமல் சுற்றும் என்கோடர் வகை நாப். அதை ரிலேட்டிவ் முறையில் வைத்தால், எங்கே நிற்கிறேன் என்று சொல்லாது. ஒரு படி ஏறினேன், ஒரு படி இறங்கினேன் என்று மட்டும் சொல்லும். ரீப்பர் அப்ஸலூட்டில் இருந்தால் அந்த எண்களை நேர் அளவாக எடுத்துக்கொண்டு, மேல் கோடிக்கும் கீழ் கோடிக்கும் தாவும். எந்த ரிலேட்டிவ் என்பதை மிடி-ஆக்ஸ் காட்டிவிடும். ஏற்றும்போது 1, இறக்கும்போது 127 வந்தால் ரிலேட்டிவ் 1. ஏற 65, இறங்க 63 என்றால் ரிலேட்டிவ் 2. ஏற 1, இறங்க 65 என்றால் ரிலேட்டிவ் 3. மிடி-ஆக்ஸ் எண்களைப் பதினாறடிமானத்தில் காட்டினால் 127 என்பது 7எஃப், 65 என்பது 41, 63 என்பது 3எஃப்.

ரெக்கார்டிங்கின்போது திருப்பிய நாப் அசைவு என்வலப்பாக, அதாவது டிராக்கில் ஒரு வளைகோடாக, பதிய வேண்டுமானால், டிராக்கின் ஆட்டோமேஷனை டச் அல்லது லாட்சில் வைத்திருக்க வேண்டும். டிரிம்/ரீட் நிலையில் காதுக்குக் கேட்கும், என்வலப் எழுதாது.

பேடும் தாளமும்

மிடி செய்திகளைத் தனித்தனியாக அனுப்பும் சேனல்களில், பேடுகளைச் சேனல் 10-க்கும் கீக்களைச் சேனல் 1-க்கும் பிரித்துவிடுங்கள். டிரம்ஸ் டிராக்கின் இன்புட்டைச் சேனல் 10 என்றும், மற்றதைச் சேனல் 1 என்றும் வைத்தால் இரண்டு டிராக்கையும் ஒன்றாக ஆர்ம் செய்து வாசிக்கலாம். ஜெனரல் மிடி என்ற பொது முறைப்படி நோட் எண்கள்: கிக் 36, ஸ்னேர் 38, மூடிய ஹைஹேட் 42, திறந்த ஹைஹேட் 46, கிராஷ் 49, ரைடு 51. மிருதங்கம், தவில் சாம்பிள் தொகுப்புகளுக்கு இப்படிப் பொது ஒழுங்கு கிடையாது. தொகுப்பில் எந்தச் சொல் எந்த எண்ணில் என்று பார்த்து, பேடுக்கு அந்த எண்ணைக் கொடுங்கள்.

எல்லா அடியின் வேகமும் (வெலாசிட்டி) உச்ச அளவான 127-இல் விழுந்தால் ஃபுல் லெவல் பட்டன் ஆனாகியிருக்கும். அது இல்லையென்றால் வெலாசிட்டி கர்வை எடிட்டரில் மாற்றுங்கள். இயல்பான அடி 60-க்கும் 100-க்கும் நடுவே விழ வேண்டும், ஓங்கி அடித்தால்தான் 127.

பிட்ச் பென்டில் கமகம்

நம்மூர் இசைக்கு இங்கேதான் அதிகம் உழைக்க வேண்டும். ஸ்வரத்தை ஏற்றி இறக்கும் பிட்ச் பென்டின் ரேஞ்ச் பல பிளகின்களில் ஆரம்பத்தில் மேலே 2, கீழே 2 செமிடோன் (அடுத்தடுத்த இரண்டு கீக்களுக்கு நடுவே உள்ள தூரம் ஒரு செமிடோன்). பக்கத்து ஸ்வரத்தை அசைக்க இது போதும். வீணையில் ஒரே மெட்டில் தந்தியை இழுத்து மூன்று நான்கு ஸ்வரம் பிடிப்பது போல வேண்டுமானால் 5 வரை ஏற்றுங்கள். சரிபார்க்க, ரேஞ்ச் 2 என்றால் சி-யைப் பிடித்துக்கொண்டு பென்டை முழுக்க ஏற்றுங்கள். டி-யோடு ஒன்றிப் போக வேண்டும்.

12 வரை ஏற்றலாமே என்று தோன்றும். மிடி வரையறைப்படி பென்டுக்கு 16,384 படிகள் உண்டு. ஆனால் விலை குறைந்த சில கன்ட்ரோலர்கள் 128 படிகளைத்தான் அனுப்புகின்றன. ரேஞ்ச் 2-இல் ஒரு படிக்கு 3 சென்ட் (செமிடோனில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்), காது பிடிக்காது. ரேஞ்ச் 12-இல் ஒரு படி சுமார் 19 சென்ட், இழுப்பு படிக்கட்டாகக் கேட்கும். உங்களுடையது எந்த வகை என்று அறிய, மிடி-ஆக்ஸில் பென்டை மெதுவாக நகர்த்துங்கள். இரண்டு டேட்டா எண்களில் முதலாவது எப்போதும் 0-விலேயே நின்றால் 128 படிதான். அப்படியிருந்தால் ரேஞ்சை 5-க்கு மேல் கொண்டுபோகாதீர்கள்.

பென்ட் அந்தச் சேனலில் உள்ள எல்லா நோட்டையும் சேர்த்தே இழுக்கும். சுருதிக்காக ச-ப பிடித்துக்கொண்டு அதே டிராக்கில் கமகம் போட்டால் சுருதியும் ஆடும். தம்பூராவைத் தனி டிராக்கில் வையுங்கள்.

4 கட்டைக்கு, அதாவது எஃப்-க்கு, வாசிக்க கன்ட்ரோலரின் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்துவது எளிது. ஆனால் வாசிப்பு முறையை மாற்றும் கீ ஸ்விட்சுகள் உள்ள தொகுப்புகளில் அவையும் சேர்ந்து இடம் மாறிவிடும். அந்த டிராக்கில் மட்டும் பிளகினுக்குள்ளேயே டிரான்ஸ்போஸ் செய்யுங்கள். எந்த ஆக்டேவில் இருக்கிறோம் என்ற குழப்பம் வந்தால் பெயரை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். 60-ஆம் நோட்டை ரீப்பர் சி4 என்கிறது, ஏபிள்டன் சி3 என்கிறது, எஃப்எல் ஸ்டுடியோ சி5 என்கிறது.

சஸ்டெயின் பெடல் தலைகீழாக வேலை செய்தால், காலை எடுத்துவிட்டு, பெடல் செருகிய நிலையிலேயே கன்ட்ரோலரின் யூஎஸ்பியைக் கழற்றி மாட்டுங்கள். பல கருவிகள் ஆனாகும் நேரத்தில்தான் பெடல் எந்த வகை என்று பார்க்கின்றன. கால் அழுத்தியபடி இருந்தால் தப்பாகப் புரிந்துகொள்ளும்.

எல்லாம் ஒழுங்கானதும் எடிட்டரில் உள்ள அமைப்பைக் கருவிக்கு அனுப்பி, ஃபைலாகவும் ஒரு பிரதி சேமியுங்கள். ரீப்பரில் இந்த இரண்டு டிராக்கையும் டிராக் டெம்பிளேட்டாகச் சேமித்தால், லேர்ன் செய்த நாபுகளும் அடுத்த பாட்டுக்கு அப்படியே கூட வரும்.