தேடுபவர் தட்டும் சொல் உங்கள் தலைப்பில் இருக்கிறதா? திருகோணமலைக் காணொளிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடும்பத்தோடு கன்னியா வெந்நீரூற்றுக்குப் போக நினைக்கும் வவுனியாக்காரர் ஒருவர் யூடியூபில் என்ன தட்டுவார்? "கன்னியா வெந்நீரூற்று", "கன்னியா சுடுதண்ணீர் கிணறு", "கன்னியா போவது எப்படி" என்று ஏதாவது ஒன்றை. நீங்களோ ஏழு கிணறுகளையும் ஒவ்வொன்றாகக் காட்டி, வழியும் சொல்லி, நல்ல வெளிச்சத்தில் எடுத்த காணொளிக்கு "வேற லெவல் அனுபவம்! மிஸ் பண்ணாதீங்க" என்று தலைப்பு வைத்திருக்கிறீர்கள். அவர் கண்ணில் அது படவே படாது. தட்டிய சொல்லுக்கும் தலைப்பு, விவரிப்பு, காணொளியின் உள்ளடக்கம் ஆகியவற்றுக்கும் எவ்வளவு பொருத்தம் என்று யூடியூப் பார்க்கிறது. அந்தத் தேடலில் வந்தவர்கள் நின்று பார்த்தார்களா என்பதையும் பார்க்கிறது. உற்சாகமான தலைப்பு ஏற்கெனவே உங்களைத் தெரிந்தவர்களுக்குப் போதும். தேடி வருபவருக்கு உதவாது.

ஊர்ப்பெயரே குழப்பும்

நமக்குத் "திருமலை" என்றால் நம்முடைய ஊர். யூடியூபில் அந்தச் சொல்லைத் தட்டுபவர்களில் பெரும்பாலானோர் தேடுவது திருப்பதி ஏழுமலையானை. "திருமலை தரிசனம்" என்று கோணேஸ்வரக் காணொளிக்குப் பெயர் வைத்தால் அது ஆயிரக்கணக்கான திருப்பதிக் காணொளிகளுக்கு அடியில் போய்விடும். கோணேஸ்வரம் நிற்கும் குன்றை "சுவாமி மலை" என்றாலும் இதே கதைதான். கும்பகோணத்துக்குப் பக்கத்து முருகன் கோயில் முன்னால் வந்து நிற்கும். தலைப்பில் "திருகோணமலை கோணேஸ்வரம்" என்று முழுப்பெயரையே போடுங்கள். "திருக்கோணமலை" என்று ஒற்று வைத்துத் தட்டுபவர்களும் உண்டு, "கோணேசர் கோயில்" என்பவர்களும் உண்டு. அவற்றை விவரிப்பில் வாக்கியத்துக்குள் இயல்பாக ஒருமுறை கொண்டுவந்தால் போதும்.

கன்னியாவும் கிண்ணியாவும் தமிழில் தெளிவாக வேறு. ஆங்கில எழுத்தில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். ஆகவே ஆங்கிலத் தலைப்பில் ஊர்ப்பெயரைத் தனியே விடாதீர்கள். வெந்நீரூற்று என்றோ பாலம் என்றோ பக்கத்தில் இருக்கட்டும். 2009இல் திறந்த 396 மீற்றர் கிண்ணியாப் பாலத்தைத் தேடுபவருக்கு வெந்நீரூற்று வந்தால் 5 செக்கனில் வெளியேறிவிடுவார். அது உங்கள் காணொளிக்குத்தான் நட்டம். நிலாவெளிக்கு எதிரே உள்ள தீவுக்கும் புறாத்தீவு, புறாமலை என இரண்டு பெயர்கள். ஒன்றைத் தலைப்பிலும் மற்றதை விவரிப்பின் முதல் வரியிலும் வையுங்கள்.

யாருக்கு எந்தச் சொல்

பாடம் நடத்தும் ஆசிரியர்கள் அடிக்கடி செய்யும் பிழை ஒன்று: தமிழ்நாட்டுப் பார்வையாளர் அதிகம் என்று நினைத்து "இயற்பியல்", "வேதியியல்" என்று தலைப்பு வைப்பது. உயர்தரத்துக்குப் படிக்கும் மூதூர்ப் பிள்ளை தட்டுவது "பௌதிகவியல்", "இரசாயனவியல்". தமிழ்நாட்டு மாணவர் வந்தாலும் பாடத்திட்டம் வேறு என்று கண்டதும் போய்விடுவார். "க.பொ.த. உயர்தரம் இரசாயனவியல்: மூல் கணக்குகள்" என்பதுபோல் பரீட்சை, பாடம், அலகு மூன்றையும் எழுதுங்கள். "பாடம் 14" என்று மட்டும் வைப்பது உங்கள் பிளேலிஸ்டுக்கு உதவும். தேடும் பிள்ளைக்கு அதில் ஒன்றுமில்லை.

சமையலில் நிலைமை வேறு. கச்சான் அல்வா செய்முறையைத் தமிழ்நாட்டாரும் செய்து பார்க்கலாம். அங்கே "கச்சான்" விவரிப்பில் "வேர்க்கடலை" ஆகவும் ஒருமுறை வரட்டும்.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறொன்று

இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிப் பழகியவர்கள் நம்மிடையே நிறையப் பேர். படத்தில் எழுத்துப் போட அது சரி. அதே வரியைத் தலைப்புப் பெட்டியில் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக நிற்கும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடு முறைக்கு மாற்றிய பிறகே ஒட்டுங்கள்.

அதைவிட நுட்பமான பிழை ஒன்று யுனிகோடுக்குள்ளேயே இருக்கிறது. "பௌதிகவியல்" என்பதில் வரும் "பௌ" ஒரே எழுத்து. சிலர் அதை "பெ" என்று தட்டிப் பக்கத்தில் "ள" போடுகிறார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணினிக்கு அவை இரு வேறு சொற்கள். சோதிப்பது சுலபம்: கர்சரைச் சொல்லின் தொடக்கத்தில் வைத்து வலது அம்புக்குறியை ஒருமுறை அழுத்துங்கள். முழு "பௌ"வையும் தாண்டினால் சரி; நடுவில் நின்றால் "ள" ஒட்டியிருக்கிறது. பௌர்ணமி, சௌபாக்கியம் போன்ற சொற்களிலும் இதைப் பாருங்கள். திருவிழாக் காணொளிகளில் இந்தப் பிழை மிகுதி.

நீளக் கணக்கும் இதோடு சேர்ந்ததுதான். தலைப்புக்கு 100 குறியீடுகள் வரை இடம். தமிழில் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனியே எண்ணப்படும். "திருகோணமலை" கண்ணுக்கு 6 எழுத்து, கணக்கில் 10. ஆகவே உங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 60 எழுத்துகள். அதிலும் கைபேசியில் தலைப்பின் வால் வெட்டுப்படும். ஊரும் பொருளும் முன்னால் வரட்டும், சேனலின் பெயரைத் தலைப்பில் போடவே வேண்டாம்.

மும்மொழியையும் ஒரே தலைப்பில் திணிப்பது இந்த இடத்தைத் தின்றுவிடும். யூடியூப் ஸ்டூடியோவில் தலைப்புக்கும் விவரிப்புக்கும் வேற்றுமொழி மொழிபெயர்ப்பைத் தனியே சேர்க்கும் வசதி உண்டு. சிங்களம், ஆங்கிலம் இரண்டையும் அங்கே கொடுங்கள். அந்தந்த மொழிக்காரருக்கு அவரவர் மொழியில் தெரியும்.

விவரிப்பும் டேக்கும்

விவரிப்பின் முதல் இரண்டு வரிகளில் விடயம் இருக்க வேண்டும்: எங்கே, எப்படிப் போவது, எவ்வளவு நேரம் ஆகும். "லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க" கீழே போகட்டும்.

தேடுசொற்களை எழுதும் டேக் பெட்டியை 500 குறியீடுகள் வரை நிரப்பப் பாடுபடுபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. தேடலில் டேக்கின் பங்கு மிகக் குறைவு என்று யூடியூபே சொல்கிறது. பெயரைப் பிழையாகத் தட்டுபவர்களுக்குத்தான் அது பயன்படும். சம்பந்தமில்லாத நடிகர் பெயர்களைப் போடுவதும், டேக் பட்டியலை விவரிப்பில் கொட்டுவதும் விதிமீறல். காணொளியே நீக்கப்படலாம். ஹேஷ்டேக் இரண்டு மூன்று போதும். 60ஐத் தாண்டினால் அத்தனையும் கணக்கில் எடுக்கப்படாது.

நீளமான காணொளிகளுக்கு விவரிப்பில் நேரக்குறிகள் எழுதி அத்தியாயம் பிரிப்பது மிகப் பெரிய உதவி. "கன்னியா, கோணேஸ்வரம், நிலாவெளி" என்று ஒரு நாள் பயணத்தை 25 நிமிடத்தில் காட்டினால், நிலாவெளி மட்டும் வேண்டியவர் நேரே அங்கே போகலாம். முதல் நேரக்குறி கட்டாயம் 0:00 ஆக இருக்க வேண்டும். ஏறுவரிசையில் குறைந்தது மூன்று குறிகள் வேண்டும், ஒவ்வொரு பகுதியும் 10 செக்கனாவது நீள வேண்டும். அறிமுக இசையை விட்டுவிட்டு 0:15இல் தொடங்குபவர்களுக்குத்தான் அத்தியாயம் தோன்றாமல் போகிறது. அத்தியாயத்துக்கும் பெயர் வையுங்கள். "பகுதி 2" பெயரல்ல.

பதிவேற்றிய பிறகு

வாட்ஸ்அப்பில் இணைப்பு வேலை செய்கிறது, தேடினால் மட்டும் வரவில்லை என்றால் முதலில் 'அன்லிஸ்டட்' நிலையில், அதாவது இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும்படி, இருக்கிறதா என்று பாருங்கள். பார்வை வரவில்லை என்று காணொளியை அழித்து மீண்டும் ஏற்றாதீர்கள். அதுவரை சேர்ந்த பார்வைகளும் பகிர்ந்த இணைப்புகளும் போய்விடும். தலைப்பையும் விவரிப்பையும் அதே இணைப்பிலேயே திருத்தலாம்.

எதைத் திருத்துவது என்பதற்கு விடை உங்கள் கையிலேயே இருக்கிறது. காணொளியின் அனலிட்டிக்ஸில் ரீச் பகுதிக்குப் போய், பார்வையாளர் வந்த வழிகளில் யூடியூப் தேடலைத் திறந்தால் அவர்கள் தட்டிய சொற்கள் வரிசையாக இருக்கும். நீங்கள் "புறாத்தீவு" என்று வைத்திருக்க, வந்தவர்கள் "நிலாவெளி படகு" என்று தட்டியிருந்தால் அந்தச் சொற்களைத் தலைப்புக்குக் கொண்டுவாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தால்தான் எது உதவியது என்று தெரியும். வடகீழ் மழை ஓய்ந்து, மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும்போதுதான் புறாத்தீவுக்கு ஆட்கள் வருவார்கள். அந்தக் காணொளியின் தலைப்பை மார்ச்சிலேயே சரிசெய்துவிடுங்கள்.