மலைவீட்டுக் குளியலறை: ஹீட்டர் வாங்கும் முன் காற்றைத் தடுங்கள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் நவம்பர், டிசம்பரில் தொடங்கும் உறைபனி பிப்ரவரி வரை இழுக்கும். அதிகாலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் 10, 12 டிகிரிக்கு வந்து நிற்கும். உடனே பெரிய கீசருக்கும் ஹீட்டருக்கும் விலை விசாரிக்கிறோம். ஆனால் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே, இரண்டு மக்குக்கு நடுவில் உடம்பு வெடவெடப்பதற்குக் காரணம் தண்ணீர் அல்ல. ஈர உடம்பில் காற்று பட்டதும் நீர் ஆவியாகிறது, ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. காற்று வருகிற அறையில் எத்தனை வாட் ஹீட்டர் போட்டாலும் கரண்ட் பில்தான் ஏறும்.

முதல் எதிரி வென்டிலேட்டர். சாய்த்துச் செருகிய கண்ணாடிப் பட்டைகள் உள்ள பழைய மாதிரியை மூடவே முடியாது. சூடான காற்று மேலே ஏறி அதன் வழியாக வெளியேற, கதவின் அடி இடுக்கு வழியாகக் குளிர்காற்று உள்ளே வரும். அந்தப் பட்டைகளைக் கழற்றிவிட்டு, கீல் வைத்துத் திறந்து மூடும் ஒற்றைக் கதவாக மாற்றுங்கள். 4 மில்லிமீட்டர் அக்ரிலிக் ஷீட்டும் அலுமினியச் சட்டமும் போதும். நிரந்தரமாக அடைத்துவிட வேண்டாம், குளித்து முடித்ததும் அது திறந்தாக வேண்டும். கதவின் அடியில் பிரஷ் பட்டை திருகிவிடுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால், அதன் வெளிப்புறத் தகடுகள் ஃபேன் நின்றதும் தானாக மூடுகின்றனவா என்று பாருங்கள். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் தெளித்து, பார்சலுக்குச் சுற்றும் குமிழ் பிளாஸ்டிக்கை ஒட்டினால் சீசன் முடியும்வரை நிற்கும். வெளிச்சமும் குறையாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டியிருந்தால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். முதலில் கீசரை வெளிச்சுவருக்கு மாற்றுங்கள். மூடிய அறையில் கேஸ் எரிய எரிய ஆக்சிஜன் குறைந்து கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலை சுற்றுகிறதே என்று உணர்வதற்குள் கால் எழும்பாது. கரி அடுப்பைக் குளியலறையில் கொண்டுபோய் வைப்பதும் இதே ஆபத்துதான். தணல் கனன்றுகொண்டிருந்தாலே போதும், புகை தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது மேற்கூரை. மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் குளியலறையில் கான்கிரீட் இரவெல்லாம் குளிர்ந்து கிடக்கும், நீராவி அதில் பட்டுச் சொட்டும். 10 அடி உயரத்தை பிவிசி பலகையால் 8 அடிக்கு இறக்கினால், சூடாக்க வேண்டிய காற்றில் ஐந்தில் ஒரு பங்கு குறையும், சொட்டுவதும் நிற்கும். இந்தச் செலவு வேண்டாம் என்றால் குளிக்கும் மூலையைச் சுற்றி ஒரு ஷவர் திரை கட்டுங்கள். பக்கெட்டில் மொண்டு குளிப்பவர்களுக்கும் அது உதவும், ஆவி அந்த மூலையிலேயே தங்கும்.

டைல்ஸ் தரை காலிலிருந்து சூட்டை வேகமாக உறிஞ்சும். 1 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு அடித்த தேக்குச் சட்டப் பலகை நல்லது. குளித்ததும் சுவரோரம் நிமிர்த்தி வையுங்கள், படுக்கப் போட்டால் அடியில் பாசி பிடிக்கும். துணி மிதியடி வேண்டாம், மூடுபனி நாள்களில் அது காயவே காயாது. உடை களைவதற்கு முன் தரையிலும் எதிர்ச் சுவரிலும் இரண்டு மக்கு வெந்நீர் ஊற்றுங்கள். வெந்நீரைப் பக்கெட்டில் நிரப்பி, கதவைச் சாத்தி இரண்டு நிமிடம் விடுங்கள். காசு செலவில்லாத வழிகளில் இதற்கு இணை கிடையாது.

இப்போது கீசர். 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் சமவெளிக்குச் சரி, மலைக்கு ஆகாது. 12 டிகிரி தண்ணீரை 40 ஆக்க, 3 கிலோவாட்டிலும் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர்தான் தரும். 15 லிட்டர் பக்கெட் நிறையப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். 15 லிட்டர் தொட்டி கீசரை 60 டிகிரியில் வைத்தால், பச்சைத் தண்ணீர் கலந்து 25 லிட்டர் குளிநீர் கிடைக்கும். 2 கிலோவாட் என்றால் சூடேற ஏறக்குறைய 25 நிமிடம். வோல்டேஜ் 190க்கு இறங்கினால் அதுவே 37 நிமிடம் ஆகும். குளிர்காலத்தில் கீசர் கெட்டுவிட்டது என்று ஆள் கூப்பிடுகிறவர்களில் பலருக்கு விஷயம் இவ்வளவுதான். இருவருக்கு மேல் அடுத்தடுத்துக் குளிக்கும் வீட்டுக்கு 25 லிட்டர் வாங்குங்கள். கீசரிலிருந்து வரும் சுடுநீர்க் குழாய் வெளிச்சுவரில் ஓடினால், 13 மில்லிமீட்டர் கருப்பு ரப்பர் ஃபோம் உறை போட்டு, மேலே அலுமினிய டேப் சுற்றுங்கள். டேப் இல்லாவிட்டால் வெயிலில் உறை நொறுங்கிப்போகும்.

இத்தனைக்குப் பிறகும் குளிர்ந்தால்தான் ஹீட்டர். 5க்கு 7 அடி அறைக்கு 1000 வாட் குவார்ட்ஸ் ஹீட்டர் போதும். இது காற்றைச் சூடாக்கக் காத்திராமல் நேராக உடம்பில் சூடு படவைக்கும். பெட்டியில், தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்பதைக் காட்டும் ஐபிஎக்ஸ் 4 என்ற குறியீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். குளிக்கும் இடத்திலிருந்து பக்கவாட்டில் 60 சென்டிமீட்டராவது தள்ளி, கைக்கு எட்டாத உயரத்தில், திரைக்கும் பிவிசி கூரைக்கும் சூடு எட்டாதபடி மாட்டுங்கள். சுவிட்ச் அறைக்கு வெளியே. கீசர் லைனிலேயே இதையும் சொருகக் கூடாது. தனி லைன், எர்த், கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி மூன்றும் கட்டாயம். படுக்கையறை ஃபேன் ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் வயரில் இழுத்துவந்து ஈரத்தரையில் வைப்பது உயிரோடு விளையாட்டு.

குளித்து முடித்து உடை மாற்றியபின், தரையையும் சுவரையும் வைப்பரால் வழித்துத் தள்ளுங்கள். வென்டிலேட்டரைத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனை 20 நிமிடம் ஓடவிடுங்கள். கூரை மூலையில் கரும்பூஞ்சை தெரிந்தால் பெயின்ட் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். ஈரம் தங்கும்வரை அது திரும்ப வரும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் குளியலை வெயில் ஏறியபின், பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்குச் சூடு உறைக்காது, வேறொருவர் முழங்கையை விட்டுப் பார்த்த தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். உள்தாழ்ப்பாளையும் வெளியிலிருந்து திறக்கும் வகையாக மாற்றிவிடுங்கள்.