சுங்கவரியும் கூட்டணியும்: எழுத வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வணிகக் கொள்கை பற்றிய மாணவர் கட்டுரைகள் மேசையில் குவிந்திருக்கின்றன. எங்கள் செட் எழுதிய அதே தவறுகள், அச்சு மாறாமல். ஆண்டுப் பிழை, பெயர்ப் பிழைகளை விடுங்கள். அவற்றைச் சரிபார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

லாபக் கணக்கோடு நிறுத்திவிடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். 1879 ஜெர்மன் சுங்கவரி என்றதும் எல்லோரும் 'இரும்புக்கும் ரை தானியத்துக்கும் நடந்த கல்யாணம்' என்று தொடங்குகிறார்கள். 1873 சரிவில் அடிபட்ட ஆலை முதலாளிகளுக்கு வெளிநாட்டு இரும்பு வரக்கூடாது. யுங்கர்கள் எனப்பட்ட கிழக்குப் பகுதி நிலக்கிழார்களுக்கு ரஷ்ய, அமெரிக்கத் தானியம் வரக்கூடாது. இருவரும் சேர்ந்தார்கள், வரி வந்தது, கட்டுரை முடிந்தது. ஒரு மாணவர் இதை இரண்டு வட்டம், ஓர் அம்புக்குறி என்று படமாகவே போட்டுவந்தார். "சரி தம்பி, நாடாளுமன்றத்தில் ஓட்டு எங்கிருந்து வந்தது?" என்றேன். விழித்தார்.

தேசிய லிபரல் கட்சி பிளவுபட்டுக் கிடந்தது. மீதி ஓட்டு கத்தோலிக்கர்களின் மையக் கட்சியிடம் இருந்தது. அவர்களுடைய பாதிரியார்களைச் சிறையில் போட்டதே, இந்த வரியைக் கொண்டுவந்த ஜெர்மன் சான்சலர் (அரசின் தலைவர்) பிஸ்மார்க்கின் ஆட்சிதான்! அவர்கள் சும்மா வரவில்லை. சுங்கத்திலும் புகையிலை வரியிலும் ஆண்டுக்கு 130 மில்லியன் மார்க்குக்கு மேல் வருவதை மாநிலங்களுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு விதியை நுழைத்தார்கள். அதைக் கொண்டுவந்த மையக் கட்சிக்காரர் ஃபிராங்கன்ஸ்டைன் பெயரே அதற்கு நிலைத்தது. மாநிலங்களிடம் கையேந்தாத கருவூலம் வேண்டும் என்பது பிஸ்மார்க்கின் முக்கிய நோக்கங்களில் ஒன்று. 217க்கு 117 என்று வரி நிறைவேறியது. அந்த நோக்கம் நிறைவேறவில்லை. இரண்டு வட்டங்களை வைத்து இதை எப்படி விளக்குவது?

கட்சிப் பெயரை நம்புவது

1846இல் பிரிட்டனின் தானியச் சட்டங்களை, அதாவது வெளிநாட்டுத் தானியத்துக்கான வரியை, நீக்கிய பீல், கன்சர்வேடிவ் பிரதமர். அவர் கட்சியிலேயே பெரும்பாலோர் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். 1993இல் நாஃப்டா என்ற வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தத்துக்காக வாதாடிய அமெரிக்க அதிபர் கிளின்டனுக்குப் பிரதிநிதிகள் அவையில் குடியரசுக் கட்சி தந்தது 132 ஓட்டு. சொந்த ஜனநாயகக் கட்சி தந்தது 102.

ரொட்டி வாங்குபவரை மறப்பது

தானிய வரியை ரொட்டி விலையில் சுமப்பவர் அவர். அவருக்கும் ஓட்டு உண்டு.

கூட்டணியை நிரந்தரமாக்குவது

தானியம் ஏற்றுமதி செய்த காலத்தில் யுங்கர்களும் தடையற்ற வணிகம்தான் பேசினார்கள். அப்புறம் 1890களில் கதை மறுபடி மாறியது. பிஸ்மார்க்குக்கு அடுத்து வந்த காப்ரிவி, தானிய வரியை டன்னுக்கு 50 மார்க்கிலிருந்து 35ஆகக் குறைத்தார். ஏற்றுமதித் தொழில்கள் அவர் பக்கம் நின்றன. நிலக்கிழார்கள் 1893இல் அவருக்கு எதிராகத் தனிச் சங்கமே கட்டினார்கள். மறு ஆண்டே அவர் பதவி போனது.