சேர்வர் மாறுகிறீர்களா? பழைய கணக்கை உடனே அழித்துவிடாதீர்கள்

2022 ஒக்டோபரில் ட்விட்டர் ஈலோன் மஸ்க்கின் கைக்குப் போனபின் மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்திலும் சிலர் மாஸ்டடனில் கணக்குத் திறந்தார்கள். அதுவும் ட்விட்டர் போன்ற சமூக வலைத்தளம்தான், ஆனால் ஒரே நிறுவனத்தின் கையில் இல்லை: வெவ்வேறு ஆட்கள் தனித்தனியாக நடத்தும் சேர்வர்கள் பல ஒன்றோடொன்று இணைந்தது. கண்ணில் பட்ட முதல் சேர்வரிலேயே பெரும்பாலும் சேர்ந்தார்கள். இப்போது வேறு சேர்வருக்குப் போக விரும்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, பழைய சேர்வர் இன்னும் ஓடுகிறதா என்பதைத்தான்.

காரணம் இருக்கிறது. உங்களைப் பின்தொடர்பவர்களின் சேர்வர்களுக்கு "இவர் இடம் மாறிவிட்டார்" என்று அறிவிப்பது பழைய சேர்வர். அது நின்றுபோனால் அறிவிக்க ஆளில்லை. பின்தொடர்பவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்பிடிக்க வேண்டியதுதான். ஆப்கானிஸ்தானுக்குரிய .ஏஎஃப் முகவரியில் இயங்கிய ஒரு சேர்வரின் முகவரியை 2024 பெப்ரவரியில் தாலிபான் நிர்வாகம் இடைநிறுத்தியது. அதிலிருந்தவர்களுக்கு முறைப்படி மாற அவகாசமே கிடைக்கவில்லை. ஆகவே சேர்வர் அடிக்கடி விழத் தொடங்கினாலோ, நடத்துபவரின் சத்தமே இல்லாமல் போனாலோ, பொறுத்துப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள்.

அடுத்து, வரிசை. புதுக் கணக்கைத் திறந்ததும் அதன் அமைப்புகளுக்குள் போய், வேறொரு கணக்கிலிருந்து வருகிறேன் என்ற இடத்தில் பழைய கணக்கின் முழு முகவரியையும், சேர்வர் பெயரோடு, கொடுக்க வேண்டும். அதன்பிறகே பழைய கணக்கிலிருந்து மாற்றத்தைத் தொடங்கலாம். முதற்படியைத் தவறவிட்டால் பழைய கணக்கு மாற்றத்தை ஏற்காது. இது தொல்லை அல்ல, பாதுகாப்பு: இல்லாவிட்டால் யாருடைய சம்மதமும் இல்லாமல் அவர் பெயரை நோக்கி ஆட்களைத் திருப்பிவிடலாம். கடைசியில் பழைய கணக்கின் பாஸ்வேர்டையும் கேட்கும். போனில் எப்போதும் திறந்தே கிடப்பதால் அதை மறந்துவிட்டவர்கள் அநேகர், முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அதே பக்கத்தில் வழிகாட்டும் அறிவிப்பை மட்டும் போடும் தெரிவும் உண்டு. அதை அழுத்தினால் பழைய பக்கத்தில் புது முகவரி தெரியுமே தவிர, ஒருவரும் தானாக உங்களோடு வரமாட்டார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எனக்கு அதிகம் கவலை தருவது பதிவுகள். பின்தொடர்பவர்கள் வருவார்கள், பதிவுகள் வரமாட்டா. 2024 நவம்பர் வெள்ளத்தில் அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்கள் மூழ்கிக் கிடந்தபோது எடுத்த படங்களை ஒருவர் பழைய சேர்வரில் போட்டிருந்தால், அவை அங்கேயேதான் இருக்கும். சேர்வர் மூடினால் அவையும் போய்விடும். எந்த வீதி எந்த அளவுக்கு மூழ்கியது என்பதற்கு நாளைக்கு வேறு சாட்சி இல்லாமலும் போகலாம். அதனால் மாறுவதற்கு முன்பே பதிவுகளையும் படங்களையும் கொண்ட முழுத் தொகுப்பைக் கேட்டுத் தரவிறக்குங்கள். 7 நாளுக்கு ஒருமுறைதான் கேட்கலாம், தயாராகவும் நேரமெடுக்கும். படங்கள் கூடினால் கோப்பும் பெரிதாகும், போன் டேட்டாவை நம்பி இறங்காதீர்கள். இந்தத் தொகுப்பைப் புது மாஸ்டடன் கணக்கில் ஏற்ற முடியாது. அது உங்கள் கையிருப்புக்கு.

நீங்கள் பின்தொடர்பவர்கள், தடுத்தவர்கள், ஒலியடக்கியவர்கள், புத்தகக்குறிகள் ஆகியவற்றைத் தனித்தனிக் கோப்புகளாக எடுத்து புதுக் கணக்கில் ஏற்றலாம். தடுத்தவர்களின் பட்டியலை விட்டுவிடாதீர்கள். ஏச்சுப்பேச்சுத் தாங்காமல் சேர்வர் மாறும் பெண்களுக்கு அதுதான் முதலில் தேவை.

ஒருமுறை மாறினால் அடுத்த 30 நாளுக்குள் மறுபடி மாற முடியாது. எனவே புதுச் சேர்வரின் விதிகளை முதலில் வாசியுங்கள். மாஸ்டடனின் அதிகாரபூர்வப் பட்டியலில் இருக்கும் சேர்வர்கள், மூடுவதானால் குறைந்தது 3 மாதம் முன்னறிவிப்பதாகவும் நாள்தோறும் காப்புப் பிரதி எடுப்பதாகவும் ஒப்புக்கொண்டவை. பட்டியலுக்கு வெளியிலும் நல்லவை உண்டு, ஆனால் அங்கே நடத்துபவரிடம் நேரே கேட்டுவிடுங்கள்.

மாற்றம் முடிந்ததும் பழைய கணக்கை அழிக்கும் அவசரம் பலருக்கு வருகிறது. பின்தொடர்பவர்கள் எல்லோரும் ஒரே நொடியில் வந்து சேர்வதில்லை. அழித்தால் வழிகாட்டும் அறிவிப்பும் போய்விடும், அந்தச் சேர்வரில் அதே பெயரை மீண்டும் எடுக்கவும் முடியாது. அப்படியே விட்டுவைத்தால், விடுபட்ட கோப்புகளைப் பிறகும் எடுத்துக்கொள்ளலாம்.